கிடேரி வளரும் வீடு

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி, வானம் பார்த்த பூமியில் அமைந்த ஊர். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாய் நிரம்பாது; கண்மாய் நிரம்பாவிட்டால் நிலம் தரிசாகக் கிடக்கும். வேளாண்மை கைவிட்ட இவ்வட்டாரத்திற்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வாழ்வளித்தன. இவ்விரண்டிற்கும் இடையே, ஆரவாரமின்றிக் குடும்பத்தைத் தாங்கும் மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அது தொழுவம்.

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. திருவள்ளுவரும் கல்வி அதிகாரத்தில் அப்பொருளிலேயே அதனை ஆள்கிறார். ஆனால், கறக்கும் மாட்டைச் செல்வமாகக் கருதும் பலர், கன்றை அவ்வாறு கருதுவதில்லை. ஆலையில் செய்த வேலைக்குக் கூலி உடனுக்குடன் கைக்கு வந்துவிடும். கிடேரிக் கன்றோ ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் எதையும் ஈட்டித் தராமல் உண்டுகொண்டே இருக்கும். அந்தக் காலத்தைக் கடக்கும் பொறுமையே கன்று வளர்ப்பின் அடிப்படை.

அப்பொறுமைக்கு முன்னதாக ஒரு விரைவும் தேவை. பசுவின் வயிற்றிலிருக்கும் கன்றுக்கு, நோயை எதிர்க்கும் ஆற்றல் நஞ்சுக்கொடி வழியாகக் கிடைப்பதில்லை. பிறந்தபின் சீம்பால் வழியாகவே கிடைக்கிறது. அதனை உறிஞ்சும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரத்தில் மிகுதியாக இருக்கும். ஒரு நாளுக்குள் பெரும்பாலும் அற்றுப்போகும். ஆகவே, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் கன்று சீம்பால் குடித்தாக வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பின்னரே பால் ஊட்டவேண்டும் என்னும் நம்பிக்கை சில வீடுகளில் இன்றும் உள்ளது. விழுந்த கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டுவதும் பழைய வழக்கமே. அதனால் கன்றுக்குத் தீங்கில்லை. கொடி விழும்வரை காத்திருப்பதே தீங்கு.

கொப்பூழ்க்கொடியை அறுத்த இடத்தில் அயோடின் கரைசல் தடவுவதும், பத்தாம் நாளளவில் குடற்புழு நீக்க மருந்து கொடுப்பதும் அடுத்த கடமைகள். தொடக்க வாரங்களில் கன்று தன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் அருந்த வேண்டும். இருபத்தைந்து கிலோ எடையுள்ள கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் என்பது கணக்கு. பால் விற்றுச் செலவை ஈடுகட்டும் வீட்டில் இந்த இரண்டரை லிட்டர் பெரிய அளவுதான். எனினும், அன்று கன்றிடமிருந்து பறித்த பாலைப் பின்னாளில் எந்தத் தீவனத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

மாட்டின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. பிறந்த கன்றுக்கு நான்காம் அறையே பெரிது. அது பாலைச் செரிக்கும். தட்டையையும் புல்லையும் செரிக்கவல்ல முதல் அறை, அவற்றை உண்ணப் பழகும்போதுதான் வளர்கிறது. ஆதலால், இரண்டாம் வாரம் முதலே சிறிது அடர்தீவனமும் இளம்புல்லும் கன்றின் வாய்க்கு எட்டுமாறு வைக்கப்படுகின்றன. நான்காம் மாதத்தில் கோமாரி நோய்க்கான தடுப்பூசியும், நான்கு முதல் எட்டு மாதங்களுக்குள் கன்றுவீச்சு நோய்க்கான தடுப்பூசியும் போடப்பட வேண்டும். பின்னது கிடேரிகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒருமுறை போடப்படுவது.

பால்குடி மறந்த பிறகே உண்மையான சோதனை தொடங்குகிறது. கறவைக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் கிடைக்கும். கிடேரிக்குப் படப்பிலிருந்து உருவிய சோளத்தட்டையே எஞ்சும். அவ்வாறு மெலிந்த கிடேரி பருவமடையப் பல மாதங்கள் தாமதமாகும். நன்கு வளர்ந்த கலப்பினக் கிடேரி பதினெட்டு மாதமளவில் இருநூற்றைம்பது கிலோ எடையை எட்டும். சினைக்கு விடுவதற்கு அகவையைவிட எடையே சிறந்த அளவுகோல். உடல் நிரம்பாத கிடேரி சினையானால், ஈற்றின்போது தாயும் கன்றும் துன்புறும். இடைவிடாத கத்தலும் கண்ணாடி போல் வழியும் திரவமும் பருவத்தின் அடையாளங்கள். காலையில் அவற்றைக் கண்டால் மாலையில் சினை ஊசி போடவேண்டும். தவறவிட்டால் மேலும் இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும்.

இந்த நெடிய காலத்திற்குள் கல்விக் கட்டணமோ மருத்துவச் செலவோ வந்து, கிடேரியைச் சந்தைக்கு இழுத்துச் செல்வதுண்டு. விற்றவர்களைக் குறைகூற இயலாது. ஆயினும், விற்காமல் வளர்த்ததன் பயன் நெருக்கடியில்தான் தெரியும். 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம், பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அவ்வாண்டுத் தீபாவளிக்குப் பின் சிவகாசிப் பட்டாசு ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. கூலி நின்ற அந்நாள்களிலும் கறவை மாடு காலையும் மாலையும் பால் சுரந்தது. முந்தைய ஆண்டுகளில் யாரோ ஒருத்தி, விடியலில் ஆலை வண்டி வருமுன் கன்றுக்குத் தீவனமும் தண்ணீரும் வைத்ததன் பயன் அது.

சினையான கிடேரி ஏறத்தாழ இருநூற்றெண்பது நாளில் ஈனும். தொழுவத்தில் வளர்ந்த கிடேரி தாயாகும் அன்று, முதற்சீம்பால் அதன் கன்றுக்கே உரியது. கன்று குடித்தது போக எஞ்சியதைக் கருப்பட்டி சேர்த்து அவித்து, அண்டை வீடுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறார்கள்.