குட்டி ஜப்பானில் ஒரு கேம் பெட்டி

தீபாவளி சீசன் முடிந்து கையில் கொஞ்சம் பணம் இருந்தது. "பிளேஸ்டேஷன் வாங்கலாம்ப்பா" என்றான் பிளஸ் ஒன் படிக்கும் மகன். நான் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்கிறவன். 'குட்டி ஜப்பான்' என்று பெயரெடுத்த ஊர்க்காரப் பிள்ளை, ஜப்பான் சோனியின் பெட்டிக்கு ஆசைப்படுவதில் தப்பென்ன?

கணக்குப் போட்டோம். 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோதே, டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 விலை 49,990 ரூபாய். புது கேம் ஒன்றே ஐயாயிரத்தைத் தொடும். டிவியில் மாட்டினால் உடனே ஆடலாம். ஆனால் அதில் என் வேலை நடக்காது. கம்ப்யூட்டர் என்றால் இன்று ரேம், அடுத்த வருஷம் கிராஃபிக்ஸ் கார்டு என்று மெல்ல மெல்லச் சேர்க்கலாம். பகலில் கோரல்டிராவில் எனக்கு லேபிள், ராத்திரி அவனுக்கு கேம். கம்ப்யூட்டரே வந்தது.

ஒன்றை மட்டும் கணக்கில் விட்டுவிட்டேன். அறையில் நாற்காலி ஒன்று, ஹெட்போன் ஒன்று. அவன் தனியாக ஆட, தங்கச்சி கதவோரம் நின்று பார்த்தாள். மனசு கேட்கவில்லை. இரண்டு கன்ட்ரோலர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரை ஹால் டிவியோடு இணைக்க ஆரம்பித்தேன்.

போன வாரம் அண்ணனுக்கு எதிராக அவள் மூன்று கோல்! அடுத்த ஆட்டத்துக்கு என் மனைவி வரிசையில் நிற்கிறாள்.