கர்ட்டன் கம்பிக்காரர் ஊரில் ஒரு கைத்துப்பாக்கி

வியன்னாவிலிருந்து வடகிழக்கே மின்ரயில் ஏறினால், அரை மணி நேரப் பயணத்தில் டாய்ச்-வாக்ரம் வந்துவிடும். சுற்றிலும் தட்டையான மார்ச்ஃபெல்ட் சமவெளி. காய்கறி வயல்கள். பத்தாயிரம் பேர் அளவிலான சின்ன ஊர்.

ஆனால் சரித்திரத்தில் பெரிய ஊர். 1809 ஜூலையில், நெப்போலியனும் ஆஸ்திரிய இளவரசர் கார்லும் இங்கேதான் இரண்டு நாள் மோதினார்கள். இரு தரப்பிலும் சேர்த்து மூன்று லட்சம் சிப்பாய்கள்! 1837ல் ஆஸ்திரியாவின் முதல் நீராவி ரயில் வந்து நின்றதும் இங்கேதான். நம்ம பம்பாய்-தாணா ரயிலுக்கு 16 வருஷம் சீனியர்.

இந்த ஊரின் மூன்றாவது பெருமை, உலகெங்கும் போலீஸ்காரர்களின் இடுப்பில் தொங்குகிறது. க்ளாக் துப்பாக்கி!

1980 வாக்கில் ஆஸ்திரிய ராணுவத்திடம் இருந்தவை இரண்டாம் உலகப் போர் காலத்து வால்தர் பிஸ்டல்கள். 'புதுசு வாங்கலாம்' என்று டெண்டர் விட்டார்கள். ஸ்டையர், பெரெட்டா என்று பரம்பரை பரம்பரையாகத் துப்பாக்கித் தொழிலில் ஊறிய கம்பெனிகளுக்கு நடுவே ஒருத்தர் வந்து நின்றார். பெயர் கேஸ்டன் க்ளாக். வயது ஐம்பது. அதுவரை செய்தது கர்ட்டன் கம்பி, ராணுவத்துக்குக் கத்தி. துப்பாக்கி செய்த அனுபவம்? பூஜ்யம்.

மனிதர் அசரவில்லை. விஷயம் தெரிந்தவர்களைக் கூட்டி வைத்து, 'உங்களுக்கு எப்படிப்பட்ட துப்பாக்கி வேண்டும்?' என்று கேட்டார். மாதிரிகளை இடது கையால்தான் சுட்டுப் பார்ப்பாராம். வெடித்துத் தொலைத்தாலும் வரைவதற்கு வலது கை மிஞ்சுமே!

ராணுவம் போட்ட நிபந்தனைகள் பதினேழு. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் விழுந்தாலும் தானாக வெடிக்கக் கூடாது. பத்தாயிரம் ரவுண்டு சுட்டால் இருபது முறைக்கு மேல் சிக்கக் கூடாது. ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்த வேண்டும். மொத்தம் 58 பாகங்களுக்கு மேல் போகக் கூடாது. க்ளாக் கொண்டுவந்ததில் 34தான்! உடம்பு பிளாஸ்டிக். மேலே ஸ்லைடும் குழலும் எஃகு. 1982ல் ஆர்டர் அவருக்கே கிடைத்தது.

பாகம் குறைந்தால் பழுதும் குறைவு. நாலு உதை உதைத்த பிறகு ஸ்டார்ட் ஆகும் ஸ்கூட்டரை நாம் மன்னித்துவிடலாம். ஆபீஸுக்கு லேட், அவ்வளவுதான். நாலாவது முறை சுடுகிற துப்பாக்கியை எந்தப் போலீஸ்காரர் மன்னிப்பார்? மன்னிக்க அவர் இருக்க வேண்டுமே!

அதற்காக, தொட்டதும் வெடிக்கிற துப்பாக்கியும் ஆகாது. க்ளாக்கில் தனியாகத் தள்ளிவிடும் சேஃப்டி பொத்தான் கிடையாது. விரல் ட்ரிக்கரில் பட்டு முழுக்க அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் பூட்டுகள் விலகும். அவசரத்தில் சௌகரியம். ஆனால் பதற்றத்தில் விரல் தவறினால்? அந்தப் பயத்தில்தான், 1990களில் ரிவால்வரிலிருந்து பிஸ்டலுக்கு மாறிய நியூயார்க் போலீஸ், சாதாரணமாக இரண்டரை கிலோ அழுத்தம் கேட்கும் ட்ரிக்கரை ஐந்து கிலோவுக்கு மேல் ஆக்கச் சொன்னது. தவறுதலாக வெடிப்பது குறையும். பதிலுக்கு, இழுக்கிற இழுப்பில் குறி நகரும். குறி நகர்ந்தால் குண்டு தெருவில் போகிறவர் மேல் பாயலாம். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.

சோதனையை ஒரு தடவை செய்து ஃபைலை மூடிவிடவும் முடியாது. 2017ல் அமெரிக்காவின் டல்லாஸ் போலீஸ், வேறொரு கம்பெனியின் புது மாடலை நிறுத்தி வைத்தது. காரணம், கீழே விழுந்தால் வெடிக்குமோ என்ற சந்தேகம். இரும்புத் தகட்டில் போட்டுப் பார்க்கும் அந்தப் பழைய பரீட்சை, முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் சிலபஸில் இருக்கிறது.

கேஸ்டன் க்ளாக் 2023 டிசம்பரில், 94 வயதில் காலமானார். கம்பெனியின் தலைமையகம் இன்றும் வாக்ரமில்தான்.

அமெரிக்காவில் 2017ல் வெளியான ஒரு சர்வேயில், பணியில் ஒரு தடவையாவது துப்பாக்கியால் சுட்டதாகச் சொன்ன போலீஸ்காரர்கள் நாலில் ஒருவர் அளவுதான். மற்றவர்களுக்கு அது வருஷக் கணக்கில் இடுப்பில் ஏறி இறங்கிய கனம் மட்டும். ஆக, நல்ல போலீஸ் துப்பாக்கியின் முதல் லட்சணம், சும்மா இருக்க வேண்டிய நேரத்தில் சும்மா இருப்பது. அந்த வேலையைத்தான் அது ஆயுசு பூரா பார்க்கிறது!