பன்னிரண்டு மாதச் சினை

கழுதைப் பண்ணை வைத்தால் பணம் கொட்டும் என்று நம்பி லட்சக்கணக்கில் கட்டிய விவசாயிகள் போலீசில் புகார் கொடுத்த செய்தியைப் படித்திருப்பீர்கள். கழுதையையும் விற்று, பாலையும் லிட்டர் ஆயிரக்கணக்கில் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஆட்கள் பிறகு போனை எடுக்கவில்லையாம். கழுதை எத்தனை மாதம் சினையாக இருக்கும், எவ்வளவு கறக்கும் என்று பணம் கட்டியவர்கள் யாரிடமாவது விசாரித்தார்களா? இந்தக் கேள்வியோடுதான் கழுதைப்பால் விற்கும் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன். விருத்தாசலம் பக்கத்துக்காரர்கள். ஊர் ஊராகப் போய் ஏரிக்கரையில் தங்கி, காலையில் தெருத்தெருவாகக் கூவி விற்பவர்கள்.

பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். "எங்கப்பா காலத்துல வெளுப்புத் துணி மூட்டை சார். அப்புறம் ஆத்து மணலு, செங்கல்லு. எல்லாத்தையும் டிராக்டர் தூக்கிட்டுப் போயிடுச்சு. பாலு மட்டுந்தான் மிச்சம்" என்றார். நாடு முழுக்க இதுதான் நிலை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன, 2019-இல் 1.2 லட்சம்.

பேசிக்கொண்டே ஒரு சாம்பல்நிறப் பெட்டையைக் காட்டி, "அது வாயைப் பாருங்க" என்றார். வாயில் புல் இல்லை. ஆனாலும் தாடை திறந்து திறந்து மூடியது. கழுத்து முன்னால் நீண்டு, காதுகள் பின்னால் படிந்து, உதட்டோரம் எச்சில் நூலாக இறங்கியது. பெட்டைக் கழுதை பருவத்துக்கு வந்ததற்கு இதுதான் அடையாளம். மாடு கத்தும், இது வெறும் வாயை மெல்லும். மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் பருவம் வரும், ஒரு வாரம்போல நீடிக்கும்.

ஆண் கழுதையை அவிழ்த்துவிட்டார்கள். அது ஓடிப்போய்ப் பாயும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். பெட்டையின் சிறுநீரை மோந்து மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்தது. ஏறியது, ஒன்றும் நடக்கவில்லை. இறங்கி விலகிப்போய், சம்பந்தமே இல்லாததுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. திரும்பி வந்து ஓர் உதை வாங்கியது. மறுபடி விலகல். "அவசரப்படுத்தினா கெட்டுப்போவும். அதுக்கா தோணணும்" என்றார் பெரியவர். கழுதை இனமே இப்படித்தான், பெட்டையை விட்டு விலகி விலகி வந்துதான் தயாராகும். குதிரைக்குப் பழகியவர்கள் இதை மந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அங்கே இருந்த ஆண் கழுதை அது ஒன்றுதான். ஆண் கடிக்கும், ஒன்றோடொன்று சண்டை போடும், பாலும் தராது என்பதால் குட்டியிலேயே விற்றுவிடுகிறார்கள். நான்கைந்து குடும்பங்களுக்கு இந்த ஒன்றே பொது. அதற்குப் பிறந்த பெட்டைகளோடும் அதுவேதான் சேர்கிறது, வேறு வழியில்லை. மழை வேண்டி மேளதாளத்தோடு கழுதைக்குக் கல்யாணம் செய்து வைக்கும் நாட்டில், நிஜ ஜோடிக்கு இந்தப் பஞ்சம்.

சினை பிடித்தால் ஏறக்குறைய பன்னிரண்டு மாதம். சிலது பதிமூன்றையும் தொடும். ஒரே குட்டிதான், இரட்டை மிக அபூர்வம். இதற்கு மேல் கதையைப் பெரியவரின் மனைவி எடுத்துக்கொண்டார். "மடி இறங்கும். காம்பு நுனியில மெழுகாட்டம் கட்டும். அப்புறம் ரெண்டொரு நாள்தான். ராத்திரியிலதான் போடும் தம்பி, நாம பக்கத்துல நின்னா அடக்கிக்கும்." குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அந்தப் பாலில்தான் குட்டிக்கு வருகிறது. ஈன்ற ஒன்றிரண்டு வாரத்தில் தாய் மறுபடி பருவத்துக்கு வரும். அப்போது சேர்க்க இந்த அம்மா சம்மதிப்பதில்லை. "அதுவும் உடம்புதானே?"

கறப்பதையும் பார்த்தேன். இரண்டே காம்பு. குட்டி பக்கத்தில் நின்று முட்டிக் குடித்தால்தான் பால் இறங்குகிறது. இறங்கியதும் குட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு சின்ன டம்ளரில் கறக்கிறார். நாள் முழுக்கச் சேர்த்தாலும் கால் லிட்டர் தேறுவது கஷ்டம். அதைக் கைக்குழந்தைகளுக்குப் புகட்டவென்று சங்கில் அளந்து விற்கிறார்கள். (பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதே மருத்துவர்கள் சொல்வது. அதை அவர்களிடமும் சொன்னேன், சிரித்தார்கள்.)

இப்போது பண்ணைக் கணக்கைப் போடுங்கள். தினம் ஒரு லிட்டருக்கு நான்கைந்து கறவைக் கழுதை வேண்டும். ஒன்று ஆறேழு மாதம் கறந்தால் பெரிது. ஆகவே எப்போதும் ஐந்து கறவையில் இருக்கப் பத்துப் பெட்டையாவது தேவை. பிறக்கும் பெட்டைக்குட்டி தாயாகிக் கறக்க நான்கு வருடம் ஆகும். முதல் மாதத்திலிருந்தே லாபம் என்று ஏசி ஹாலில் படம் போட்டுக் காட்டும் தரகனுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் மறைக்கிறான். அவன் விற்பது பாலை அல்ல, நம் பேராசையை. ஏரிக்கரையில் சங்கு சங்காக விற்பவரிடம் பேரம் பேசுகிற நாம், அவனிடம் பேரமே பேசாமல் கட்டுகிறோம்.

சீனாவும் இந்தக் கணக்கில்தான் மாட்டிக்கொண்டது. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் எஜியாவோ என்ற மருந்துக்காக, 1990-களில் 1.1 கோடியாக இருந்த தன் கழுதைகளில் கால்வாசிகூட மிஞ்சாத நிலைக்கு வந்தது. வெட்டும் வேகத்துக்கு ஈன முடியவில்லை. பிறகு ஆப்பிரிக்கத் தோலைத் தேடிப்போனது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதை வெட்டுவதைத் தடை செய்தது.

நம் ஊரிலோ ஆண் கழுதைக்கே பஞ்சம். மாட்டுக்குச் சினை ஊசி போட ஊருக்கு ஊர் கால்நடை மருந்தகம் இருக்கிறது. ஹரியானாவின் ஹிசாரில் குதிரை, கழுதைகளுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. கால்நடைப் பராமரிப்புத் துறை மாவட்டத்துக்கு இரண்டு நல்ல ஆண் கழுதைகளை வாங்கிவைத்து, இந்த ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு முறைபோட்டுக் கொடுத்தால் போதும். பெரிய செலவில்லை. பண்ணைக் கனவில் இருப்பவர்களும் பணம் கட்டுமுன் அந்தத் தரகனிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ஆண் கழுதை எங்கே இருக்கிறது?