சேவல், ஒயின், கோரைப்பாய்

பள்ளிக்கூட நண்பர்கள் மூணு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை எங்க ஊருக்கு வந்து ரெண்டு நாள் தங்கிப் போவாங்க. வாடிப்பட்டி பக்கம், மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நெல் அறுத்து, வைக்கோல் போர் போட்டு, உளுந்து தூவின பிறகுதான் வரச் சொல்வேன். சித்திரையில் வந்தால் கிணறும் வறண்டு கிடக்கும், நானும் வறண்டு கிடப்பேன்.

ஒருத்தன் பேங்க் வேலையை விட்டு விருப்ப ஓய்வு வாங்கியவன். இன்னொருத்தன் சென்னையில் மருந்துக் கம்பெனியில் இருக்கான். மூணாவது ஆள் புதுச்சேரியில் பிரெஞ்சு சாப்பாடு போடும் ஹோட்டலில் முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவன். மூணு பேரும் வந்தால் முதல் வேலை பம்புசெட் குளியல். அப்புறம் புங்கமரத்தடியில் கயிற்றுக்கட்டில். "சும்மா இருக்கத்தான் வந்தோம்" என்பார்கள். நம்ம ஊரில் சும்மா இருப்பதற்கும் பின்னால் ஒருத்தர் டீ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்க வீட்டில் அது என் மனைவி.

இந்தத் தடவை புதுச்சேரிக்காரன் வந்து இறங்கினதும், "தங்கச்சி, நாளைக்கு ராத்திரி நீ அடுப்படிப் பக்கமே வரக்கூடாது, நான் சமைக்கிறேன்" என்றான். பிரெஞ்சு விருந்தாம். அம்மாவுக்கு எண்பது நெருங்குது. "பன்னி கின்னி போட்டுருவானாடா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டாங்க.

அவன் செய்தது ரெண்டே ரெண்டு பெரிய அயிட்டம். முதலாவது 'கொக் ஓ வான்'. கேட்கப் பெரிய பெயராக இருந்தாலும் அர்த்தம் ஒயினில் வேகவைத்த சேவல், அவ்வளவுதான். வயசான சேவல் கறி நார் நாராக இருக்கும், சீக்கிரம் வேகாது. அதை ஒயினில் ஊறவைத்து, வெங்காயம், காளான், பன்றிக் கொழுப்பு போட்டு, மணிக்கணக்கில் சின்னத் தீயில் வைத்து மெத்தென்று ஆக்கியிருக்கிறார்கள் அந்த ஊர்க் குடியானவர்கள். கொழுப்பை மட்டும் இவன் விட்டுவிட்டான். எங்க வீட்டில் பிள்ளைகளை விரட்டிக் கொத்தும் மூணு வருஷத்துச் சேவல் ஒன்று இருந்தது. அதுக்கு அன்றைக்குக் கணக்கு முடிந்தது.

ரெண்டாவது 'ரத்தத்தூய்'. பெயரைக் கேட்டதும் அம்மா முகம் மலர்ந்துவிட்டது, ரத்தப் பொரியல் என்று நினைத்துவிட்டாங்க. உண்மையில் அது கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், பூண்டு எல்லாம் ஆலிவ் எண்ணெயில் வதக்கிய கூட்டு. பிரான்சில் தெற்கே நீஸ் என்ற ஊர்ப்பக்கம் கோடையில் தோட்டத்தில் காய்த்துக் கிடப்பதைப் போட்டுச் செய்வதாம். இங்கே கத்தரியும் தக்காளியும் எங்க கிணற்றுப் பாசனத்தில் விளைந்தவை. அந்த வாரம் தக்காளியை மார்க்கெட்டுக்கு ஏற்றினால் வண்டி வாடகைக்கே கட்டாது. அதனால் தாராளமாகப் பறித்துக்கொள்ளச் சொன்னேன்.

ஒயின் நாசிக் பக்கத்துத் திராட்சையில் செய்தது. மதுரையில் கடையில் வாங்கி வந்தார்கள். முக்கால்வாசி சேவல் சட்டிக்குள் போய்விட்டது, மிச்சத்தை நண்பர்கள் ஆளுக்கு அரை டம்ளர் வைத்துக்கொண்டார்கள். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், துவர்ப்பு. அம்மாவுக்கும் என் மனைவிக்கும் ஒயின் சேர்க்காமல் தனிச் சட்டியில் வைத்திருந்தான்.

பேச்சு அப்படியே கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனது. அங்கே விளையும் பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்ம மதுரை மல்லிக்கு 2013-லேயே கிடைத்துவிட்டது. "பிரான்சில் ஒயின் பாட்டில்ல ஊர்ப்பேர்தாண்டா பெரிசா இருக்கும். போர்தோ, பர்கண்டி, ஷாம்பேன் எல்லாமே இடத்துப் பேரு" என்றான் புதுச்சேரிக்காரன். எனக்கு வேறொன்று தோன்றியது. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து எங்க வாய்க்காலுக்கு வருகிறது. அங்கே திராட்சை, இங்கே நெல். தண்ணி ஒண்ணுதான்.

ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு ரெடி. கிணற்று மேட்டில் ரெண்டு கோரைப்பாயை விரித்து, சட்டிகளை நடுவில் வைத்தான். என் மனைவி வழக்கம்போல் பரிமாறக் கரண்டியை எடுத்தாள். அம்மா, "ஆம்பளைங்க முதல்ல சாப்பிடட்டும்" என்று ஒதுங்கி நின்றாங்க. எங்க வீட்டு வழக்கம் அது.

"இது பிரெஞ்சு சாப்பாடு தங்கச்சி. யாரும் யாருக்கும் பரிமாற வேண்டாம், வேணுங்கறதை அவங்கவங்க எடுத்துக்கணும். நீயும் அம்மாவும் உக்காராம நான் சட்டியைத் திறக்க மாட்டேன்" என்றான். அம்மா சங்கடத்தோடு பாயின் ஓரமாக உட்கார்ந்தாங்க. மகன்களோடும் மகன்களின் நண்பர்களோடும் ஒரே பந்தியில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவன் எதையும் அவசரப்படுத்தவில்லை. முதலில் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த நீள ரொட்டி, அப்புறம் காய், அப்புறம் சேவல், அதுக்கப்புறம் ஆரோவில்லில் செய்த சீஸ் (அம்மா அதை மோந்து பார்த்துவிட்டு நகர்த்தி வைத்துட்டாங்க), கடைசியில் கம்பம் திராட்சை. நடுநடுவே பேச்சு. பத்து மணியாகியும் யாரும் கை கழுவ எழுந்திருக்கவில்லை.

பேங்க்காரன் கத்தரிக்காயைத் தின்றபடி, "கிணத்துல இன்னும் தண்ணி கிடக்கே" என்றான். அதுக்கு அம்மாதான் பதில் சொன்னாங்க. "அது என் தோடும் ரெட்டைவடச் சங்கிலியும் தம்பி."

யாருக்கும் புரியவில்லை. நான் ஆறாவது படிக்கும்போது மழை பொய்த்த வருஷம், வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். அப்பா கடன் வாங்கிச் செய்ததாகத்தான் எங்க எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் நகையை விற்றுத்தான் செய்திருக்கிறார். பெண்டாட்டி நகையில் கிணறு வெட்டினான் என்று பங்காளிகள் பேசுவார்கள், வெளியே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாராம். "அவரு போயி ஒம்பது வருசமாச்சு. இனிமே சொன்னா என்ன" என்று திராட்சையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டாங்க. என் மனைவி அம்மாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அதில் கவரிங் தோடுதான் கிடக்குது.

இதில் ஒரு விஷயம் இருக்கு. நாலுவழிச் சாலை பக்கத்தில் வந்ததிலிருந்து கிணற்றோடு சேர்ந்த ஒன்றரை ஏக்கரைக் கேட்டு ஒரு புரோக்கர் நடையாய் நடக்கிறார். நானும் தம்பியும் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பேசுவோம், அம்மா உள்ளே இருப்பாங்க. புரோக்கருக்கு இன்னும் முடிவு சொல்லவில்லை. விளைச்சல் கட்டாத காலத்தில் விற்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்கு வசதி போதாது. ஆனால் இனிமேல் அந்தப் பேச்சு அம்மாவை உட்கார வைத்துத்தான் நடக்கும். தம்பியிடமும் சொல்லிவிட்டேன்.

ஊருக்குக் கிளம்பும்போது புதுச்சேரிக்காரன் ஒரு தகவல் சொன்னான். 2010-ல் யுனெஸ்கோ பிரெஞ்சு விருந்தை உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததாம். சேவல் கறியையோ சீஸையோ சேர்க்கவில்லை. பிறப்பு, கல்யாணம், பிறந்தநாள் என்று நல்லது நடக்கும்போது எல்லோரும் கூடி உட்கார்ந்து, வரிசையாக, நிதானமாகச் சாப்பிடும் அந்த முறையைத்தான் சேர்த்தார்களாம்.

நீங்களும் லீவுக்குக் கிராமத்துக்கு வருவீங்க. தோட்டம், நாட்டுக்கோழி, கிணற்றுக் குளியல் எல்லாம் ஆசைதீர அனுபவிங்க. ஒயினும் சீஸும் கொண்டுவராட்டி பரவாயில்லை. சாப்பிட உட்காரும்போது சமைத்தவங்களுக்கும் ஒரு தட்டு வைங்க. "அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்" என்பாங்க. அதை நம்பிக் கை நனைச்சிடாதீங்க, அவங்க வந்து உட்காரும்வரை காத்திருங்க.