பெட்டியில் பாதி, பட்டறையில் மீதி

கடைக்கு வந்து இறங்கும் ரோடு பைக்குக்குச் சைக்கிள் உருவமே இருக்காது. நீளமான ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே முன்சக்கரத்தைக் கழற்றி ஃபிரேமின் பக்கவாட்டில் கட்டியிருப்பார்கள். ஹேண்டில்பார் திரும்பிப் படுத்திருக்கும். பெடல்கள் தனிப்பையில், சீட் வேறொரு பொட்டலத்தில். இணையத்தில் வாங்குகிற பலர் வீட்டு ஹாலிலேயே பெட்டியைப் பிரித்து, கூடவே வரும் ஆலன் கீயால் நாலு போல்ட்டைத் திருகி, மறுநாள் விடிவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கிவிடுகிறார்கள். தென்சென்னையில் நான் போய் உட்கார்ந்திருந்த பட்டறையில் அதே வேலைக்கு அரைநாள் ஆகிறது.

எனக்கு முதல் ரோடு பைக் வாங்க வேண்டியிருந்தது. ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் பழுது பார்க்கிறவரிடம் போனால் என்ன என்று தோன்றியது. விற்கிறவர் வண்டியைப் புதிதாக மட்டுமே பார்த்திருப்பார். எது எங்கே தேயும், எந்த மாடல் எத்தனை மாதத்தில் முனக ஆரம்பிக்கும் என்பதெல்லாம் பட்டறைக்குத்தான் தெரியும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கூரைக் கொக்கிகளில் சக்கரங்கள், தரையில் மண்ணெண்ணெய் வாடையோடு ஒரு அலுமினியத் தட்டு, சுவரில் அளவு வாரியாக ஸ்பேனர்கள். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஐம்பத்தைந்து வயது. உதவிக்கு இருக்கும் பையன் அவரை மாஸ்டர் என்கிறான். நான் அண்ணே என்றேன். வாடகை சைக்கிள் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். மணிக்கணக்கில் வாடகைக்குப் போய்வரும் வண்டிகளுக்குப் பஞ்சர் ஒட்டி, பால்ரஸ் குண்டு மாற்றி, ஓவராயில் செய்து கைப்பழகியவர். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் பிஎஸ்ஏ, ஹெர்குலிஸ் வண்டிகள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

“அந்த வண்டியில முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40 கம்பி சார். ரெண்டு கம்பி போனாலும் அரிசி மூட்டையோட வீடு போய்ச் சேரலாம். இது அப்படி இல்ல” என்று புது வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கிக் காட்டினார். 28 போக்ஸ் கம்பி. அதற்கு மேலுள்ள விலைகளில் 24, 20 என்று குறைந்துகொண்டே போகும். கம்பி குறையக் குறைய ஒவ்வொன்றும் தாங்கும் பளு கூடும். ஒன்று அறுந்தால் சக்கரம் உடனே கோணி, பிரேக்கிலோ ஃபிரேமிலோ போய் உரசும்.

பெட்டியிலிருந்து வந்த சக்கரத்தை அப்படியே மாட்டலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் முதலில் ஆக்சிலை இரண்டு விரலால் சுழற்றிப் பார்த்தார். கரகரவென்று சிக்கியது. தொழிற்சாலையில் கோனை ஒரு பிடி அதிகமாக இறுக்கியிருக்கிறார்கள். இப்படியே ஓட்டினால் சில மாதங்களில் குண்டு ஓடும் தடம் அரித்துப்போகும். ஓட்டுகிறவருக்கோ வண்டி கனக்கிறது என்று மட்டும்தான் தெரியும். கோனைத் தளர்த்தி, கிரீஸ் வைத்து, ஆட்டமும் இல்லாமல் சிக்கலும் இல்லாமல் நிற்கும் அந்த ஒரு புள்ளியைத் தேடிப் பூட்டினார். தேடல் என்றுதான் சொல்ல வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே நகர்ந்துவிடுவதால் மறுபடி மறுபடி பிரித்தார்.

அடுத்தது கோட்டம் எடுப்பது. ஸ்டாண்டில் சக்கரத்தை ஏற்றிச் சுழலவிட்டு, ரிம் எந்த இடத்தில் முள்ளைத் தொடுகிறது என்று பார்க்கிறார். வலப்பக்கம் சாய்ந்தால் அங்கே இடப்பக்கக் கம்பியின் நிப்பிளை கால் சுற்று இறுக்கி, வலப்பக்கத்தை அதே அளவு தளர்த்துகிறார். பக்கவாட்டுக் கோட்டம் போனபிறகு மேடு பள்ளம். அதுவும் போனபிறகு நடுமட்டம். பின்சக்கரத்தில் இது சிக்கலான காரியம். வலதுபுறம் பல்சக்கரக் கொத்து இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக, மிக இறுக்கமாக நிற்கும். இடதுபக்கக் கம்பிகள் சரிந்து, இழுப்புக் குறைவாக நிற்கும். தளர்வது எப்போதும் இடதுபக்கம்தான். ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் தட்டி ஓசை கேட்டார். ஒரே பக்கத்தில் ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அதில் கை வைப்பார். கடைசியாகக் கம்பிகளை ஜோடி ஜோடியாகப் பிடித்து உள்ளங்கை சிவக்க அழுத்தினார். டிக் டிக்கென்று சத்தம். நிப்பிளோடு சேர்ந்து முறுக்கிக்கொண்ட கம்பிகள் பிரிகிற சத்தம் அது. பட்டறையில் இதைச் செய்யாவிட்டால் சாலையில் முதல் 50 கிலோமீட்டருக்குள் கம்பிகள் தாமாகவே அதைச் செய்துகொள்ளும்; சக்கரம் திரும்பக் கோணிவிடும்.

இத்தனையும் பார்த்தபிறகு எனக்கு ஒன்று பிடிபட்டது. முதல் வண்டி வாங்குகிறவர்கள் மணிக்கணக்கில் அலசும் விஷயங்களில் பாதி இந்த அறைக்குள் வருவதே இல்லை. ஃபிரேம் கார்பனா அலுமினியமா, எடை எத்தனை கிராம் என்று நாம் கேட்கிறோம். அவர் கேட்டது வேறு.

“செருப்பக் கழட்டிட்டுச் சுவரோட ஒட்டி நில்லுங்க.”

தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு மேலே தள்ளச் சொன்னார். தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை 78 செ.மீ. அதை 0.883ஆல் பெருக்கினால் 69 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. பெடல் கட்டை சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய அதுதான். அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பெயரோடு புழங்கும் இந்தக் கணக்கு தொடங்குவதற்கு ஒரு புள்ளி மட்டுமே. பிறகு குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே தள்ளும்போது முழங்கால் சரியாக நீள்கிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

சீட் உயரம் சுலபம், ஏற்றலாம் இறக்கலாம். வாங்கியபின் மாற்ற முடியாதது ஃபிரேமின் நீளம். ஒவ்வொரு நிறுவனமும் தன் வரைபடத்தில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்களைப் போடும். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் குழாயின் தலை எவ்வளவு மேலே இருக்கிறது என்பது முதலாவது; எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது இரண்டாவது. பந்தய வண்டிகளில் தலை தாழ்ந்து தூரமாக இருக்கும். முதுகு வளைந்து பழகிய இளைஞருக்கு அது வேகம், நாற்காலியில் எட்டுமணி நேரம் உட்கார்கிறவருக்குக் கழுத்து வலி. எண்டியூரன்ஸ் வகை என்று கேட்டு வாங்கினால் தலை உயர்ந்து, அருகில் இருக்கும். நான் முன்பு ஏறி இறங்கிய ஒரு கடையில் என் உயரத்துக்கு 56 அளவு வண்டியைக் காட்டி, ‘சீட்டை இறக்கிக்கலாம் சார், ஸ்டாக்கில் இதுதான் இருக்கு’ என்றார்கள். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பிக்குக் கைமடித்துப் போடுகிற வேலை அது. ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம் என்ற சிறு துண்டை 100 மி.மீ.யிலிருந்து 80க்கு மாற்றிக் கொஞ்சம் சமாளிக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் வண்டி பதற்றமாகத் திரும்பும். எனக்கு 52 போதும் என்றார் மாஸ்டர். பிரேக் பிடி விரலுக்கு எட்டுகிறதா என்றும் பார்க்கச் சொன்னார். கை சிறியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, பிடியை உள்ளே நகர்த்த ஒரு திருகு பல மாடல்களில் உண்டு. அதைத் திருகிக் காட்டுகிற கடைக்காரரை நான் பார்க்கவில்லை.

கியரைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. 1990இல் ஷிமானோ பிரேக் பிடிக்குள்ளேயே கியர் மாற்றும் நெம்புகோலை வைத்தபிறகு, கையை எடுக்காமல் மாற்றுவது பழகிப்போய்விட்டது. இன்று அவர்களுடைய வரிசையில் கிளாரிஸ் பின்னால் 8 பல்சக்கரம், சோரா 9, டியாக்ரா 10, அதற்கு மேல் 105. ஒவ்வொரு படிக்கும் விலை ஏறும். தொடங்குகிறவருக்குக் கிளாரிஸோ சோராவோ தாராளம் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி. படியை விட முக்கியம் பற்களின் எண்ணிக்கை. முன்னால் 50, 34. பின்னால் மிகப் பெரியதில் 32 பற்கள் இருந்தால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை உட்கார்ந்தபடியே ஏறலாம். கொல்லிமலையின் 70 வளைவுகளுக்கும் அதே கணக்குத்தான், மூச்சு மட்டும் சொந்தம். சென்னை தட்டை ஊர்தானே என்று 28 பல்லோடு நிறுத்திக்கொண்ட ஒருவர், மலைக்குப் போய்வந்த மறுவாரம் பல்சக்கரம் மாற்ற வந்து நின்றாராம்.

டயருக்கு வந்ததும் மாஸ்டருக்குக் குரல் ஏறியது. “எல்லாரும் 23, 25னு ஒல்லியா கேக்குறாங்க. ரோடு நம்ம ரோடு சார்!” பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, இரண்டு துளை அடுத்தடுத்து விழும். பாம்புக்கடி என்பார்கள். 28 மி.மீ. போட்டால் அது வெகுவாகக் குறையும். 32 நுழைய ஃபிரேமில் இடமிருந்தால் இன்னும் நல்லது. அகலமான டயர் மெதுவாகப் போகும் என்ற நம்பிக்கை கரடுமுரடான சாலையில் பொய்த்துப்போகிறது: ஒல்லி டயர் துள்ளுவதில் வீணாகும் உழைப்பை அகல டயர் மிச்சம் பிடித்துவிடும். காற்றை 120 பி.எஸ்.ஐ. வரை அடைப்பவர்களையும் அவருக்குப் பிடிக்காது. என் எடைக்கு 28 டயரில் 80ஐத் தாண்ட வேண்டாம் என்றார். இந்த ட்யூப்களின் வால்வ் மெலிந்த பிரெஸ்டா வகை என்பதால் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்க முடியாது. பித்தளையில் சின்ன அடாப்டர் ஒன்று பையில் கிடக்க வேண்டும்.

பிரேக்கில் அவர் சொன்ன ஒன்றை எந்த விளம்பரத்திலும் நான் படித்ததில்லை. நம் ஊரில் மோட்டார் சைக்கிளானாலும் மிதிவண்டியானாலும் முன்பிரேக் வலக்கையில். வெளிநாட்டுச் சந்தைக்காகப் பூட்டப்பட்ட சில வண்டிகளில் அது இடக்கையில் வரும். அவசரத்தில் பழக்கப்பட்ட கை முன்பிரேக்கை அறைந்து பிடித்தால் ஆள் ஹேண்டிலைத் தாண்டித்தான் விழ வேண்டும். வாங்கும் இடத்திலேயே சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, கேபிளை மாற்றிப் போடச் சொல்லிவிடலாம்.

நான் இருந்தபோதே ஓர் இளைஞர் பழைய வண்டியோடு வந்தார். 2020 ஊரடங்கு நாட்களில் ஆசையாக வாங்கிச் சுவரில் சாத்திவைத்த வண்டிகள் இப்போது கைமாறுகின்றன. வாங்குமுன் காட்டிவிட்டுப் போகலாம் என்று கொண்டுவந்திருக்கிறார். மாஸ்டர் இரும்பு ஸ்கேலை எடுத்துச் செயினில் வைத்தார். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றினால் போதும். எட்டில் ஒன்று என்றால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். இதில் எட்டில் ஒன்றையும் தாண்டியிருந்தது. சாத்திவைத்த வண்டி என்று விற்பவர் சொன்னது அங்கேயே அடிபட்டுப்போனது. முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி ஹேண்டில் குழாயில் ஆட்டம் பார்த்தார். சீட் கம்பி குழாயோடு பற்றிக்கொண்டிருக்கிறதா என்று அசைத்தார். கார்பன் ஃபோர்க்கை நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். விரிசல் இருக்கும் இடத்தில் ஓசை செத்துவிடும். அடியில் பொறித்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கேட்டார். பில் இல்லை என்றார் இளைஞர். “அப்ப வேணாம் தம்பி” என்று ஸ்கேலை அதன் இடத்தில் வைத்துவிட்டார். அந்தச் சோதனைக்கு அவர் காசு கேட்கவில்லை. இளைஞரும் கொடுக்கவில்லை.

இது எனக்கு உறுத்திய இடம். வண்டிக்கு லட்சம் கொடுக்கத் தயங்காதவர்கள் கோட்டம் எடுக்கும் கூலியில் ஐம்பது ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறார்கள். உதவிப் பையன் உணவு டெலிவரிக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான். மாஸ்டர் அவனைத் தடுக்கவில்லை. கையில் 60,000 ரூபாய் இருந்தால் வண்டிக்கு 50,000 மட்டும் செலவழியுங்கள் என்பேன். மீதியில் ஹெல்மெட், பம்ப், இரண்டு ட்யூப் போக, சரியாகப் பூட்டித் தருகிறவரின் கூலிக்கும் பேரம் பேசாமல் இடமிருக்க வேண்டும்.

நான் வாங்கியது அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், சோரா கியர், 28 டயர், அளவு 52. பெட்டியைப் பட்டறையிலேயே பிரித்தோம். பின்கியரைத் தாங்கும் சிறு துண்டு பயணத்தில் லேசாக வளைந்திருந்தது. விழுந்தால் ஃபிரேமைக் காப்பாற்ற வேண்டும் என்று வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்யப்படும் பாகம் அது. அளவுகோல் மாட்டி நிமிர்த்தியபிறகுதான் கியர் தாவாமல் விழுந்தது. ஸ்டெம் போல்ட்டுகளைக் கைக்கணக்கில் விடாமல், முறுக்கு காட்டும் ஸ்பேனரால் 5 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார்.

ஆரோவில் வரை ஒருநாள் போய்வர ஆசை என்றேன். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்கும் பிரெவே ஓட்டங்களுக்கு வருகிறவர்களின் வண்டிகளையும் அவர்தான் பார்க்கிறார். சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் போனாலே அது முடிந்துவிடும். “அதுக்கெல்லாம் இந்த வண்டி போதும். மொதல்ல ஒரு மாசம் ஓட்டுங்க. புதுக் கேபிள் இழுபடும், கியர் தாவ ஆரம்பிக்கும். அப்ப யூட்யூப் பாத்துத் திருகாம இங்க கொண்டாங்க.”

கூலியை அவர் சொல்லத் தயங்கினார். நான் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பில் புத்தகத்தைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.