அஞ்சு கார்டும் என் பையில

2011-ல நடந்த கூத்து மக்களே. லீவுக்குச் சொந்த ஊர் வந்திருந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில சமணர் மலை ஏறி, பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களைப் பாத்துட்டு இறங்கி, கீழக்குயில்குடி தாமரைக்குளத்துப் படியில உக்காந்திருக்கேன். செல்போன் அடிச்சது. சென்னையிலருந்து எங்க மேனேஜர்.

"தம்பி, ரெக்கவரி கார்டு எல்லாம் யார்கிட்டப்பா இருக்கு?"

வயித்துல புளியைக் கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

அப்ப ஒரு கஸ்டமருக்கு என்கிரிப்ஷன் ஸ்விட்ச் போட்டுக் கொடுத்திருந்தோம். சர்வருக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல உக்காந்து, போற டேட்டாவைப் பூட்டி வர்ற டேட்டாவைத் திறக்கிற பெட்டி. புரோகேட் 2008-ல கொண்டு வந்ததே, அந்த வகை. பெட்டி படுத்துட்டா டிஸ்க் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால ஒரே ஃபேப்ரிக்ல ரெண்டு பெட்டியை ஜோடி சேர்த்து ஹெச்ஏ கிளஸ்டர் போடுவோம். ஒண்ணு விழுந்தா, அது பாத்துக்கிட்டிருந்த டிஸ்க்கையெல்லாம் மத்தது ஏத்துக்கும். இதுல இன்னொரு வில்லங்கம்: ஒரு டிஸ்க்குக்குப் போற அத்தனை பாதையிலயும் ஒரே செட்டிங் இருக்கணும். ஒரு பாதை பூட்டி எழுதி, இன்னொரு பாதை பூட்டாம எழுதிச்சுன்னா டேட்டா கூழ்தான். அதுக்காகவே ராத்திரி ராத்திரியா உக்காந்து சரிபார்த்தேன். பவர் கேபிளைப் பிடுங்கி டெஸ்ட் பண்ணினப்போ ஜோடிப் பெட்டி டக்குனு ஏத்துக்கிச்சு. எனக்கு ஒரே பெருமை!

ஆனா சாவி? ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சாவி, அந்தச் சாவிகளையெல்லாம் பூட்டி வைக்க ஒரு மாஸ்டர் சாவி. அதோட பேக்கப்பை அஞ்சு ஸ்மார்ட் கார்டுல பிரிச்சு எழுதியிருந்தோம். எதாவது மூணு சேர்ந்தாத்தான் திரும்ப எடுக்க முடியும். அஞ்சு பேர்கிட்ட ஆளுக்கொண்ணு இருக்கணும். ஆபிசர்ங்க யாரும் கையில சிக்கலை. சரி, அப்புறம் கொடுத்துக்கலாம்னு அஞ்சையும் நானே பத்திரமா(!) வச்சிருந்தேன்.

அன்னிக்கு டிஆர் டிரில். அங்க இருந்தது புது ஜோடி, மாஸ்டர் சாவி இன்னும் ஏத்தாதது. டேட்டா இருக்கு, பூட்டின சாவிகள் இருக்கு, திறக்க வழியில்லை. மலையில பாத்துட்டு வந்த வட்டெழுத்து கதைதான். எழுத்து அழியாம நிக்குது, நமக்குத்தான் ஒரு எழுத்தும் புரியலை.

டிரில்லைத் தள்ளி வச்சாங்க. மேனேஜர் திட்டவேயில்லை. "பஸ்ல வர்றப்ப பை தொலைஞ்சிருந்தா என்னப்பா பண்ணியிருப்போம்?"னு மட்டும் கேட்டார். அன்னிக்கு ராத்திரி பஸ்ல பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே கண்ணை மூடாம வந்தேன்.

திங்கக்கிழமை ஒவ்வொரு ஆபிசர் ரூமா போய் நின்னு, கையெழுத்து வாங்கிக் கார்டைக் கொடுத்தேன். நாலு பேர் வாங்கிட்டாங்க. அஞ்சாவது ஆபிசர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது தொலைஞ்சா நான்ல பதில் சொல்லணும்? நீங்களே வச்சுக்கங்க தம்பி"ன்னாரு.