பருத்தித்துறையில் ஒரு பகற்பொழுது

விடுமுறை கிடைத்தால் நுவரெலியாவுக்குப் போவோர் உண்டு. கதிர்காமத்துக்குப் போவோர் உண்டு. வீட்டு விறாந்தையிற் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுப் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு உறங்குவோரும் உண்டு. நாம் பெரும்பாலும் மூன்றாவது வகுப்பினரைச் சேர்ந்தவர்கள். ஆயினும், சென்ற பங்குனியிற் கொழும்பிலிருந்து வந்திறங்கிய பழைய நண்பர் ஒருவர் எம்மை விட்டாரில்லை. "ஒரு நாள், ஒரேயொரு நாள், இரைச்சலில்லாத ஒரு கடற்கரையில் இருக்க வேண்டும், அதற்கு வழி சொல்லும்" என்று பிடித்துக்கொண்டார்.

கசூரினாக் கடற்கரையைச் சொல்லலாம். ஆனால், ஞாயிற்றுக்கிழமையில் அது திருவிழாக் கோலம் பூண்டுவிடும். பாட்டுப் பெட்டிகள் கடலலையை வென்றுவிடும். ஆகவே பருத்தித்துறைக்கே போவதெனத் தீர்மானித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து 21 மைல். கிழக்கு வெளுக்குமுன் அங்கே இருக்கவேண்டும் என்பது நண்பரின் பிடிவாதம். எனவே போகும் வழிக்கு ஒரு முச்சக்கர வண்டியை அமர்த்தினோம். திரும்புங்கால் 750 ஆம் இலக்கப் பஸ் இருக்கவே இருக்கிறது.

கோப்பாயும் நீர்வேலி வாழைத் தோட்டங்களும் அச்சுவேலியும் இருளிற் கழிந்தன. வல்லை வெளிக்கு வந்ததும் காற்று எம்மைக் கண்டுகொண்டது. இரு மருங்கும் நீரும் வெட்டவெளியுமாய்க் கிடக்கும் அவ்விடத்தில், முற்காலத்தில் தனிவழி போவதற்கு மாட்டுவண்டிக்காரரும் அஞ்சினர் என்று எம் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வண்டிக்காரத் தம்பி முனியப்பர் கோயிலடியில் நிறுத்தி, ஒரு நாணயத்தை இட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தார். "புதுத் தெரு, புது வண்டி, பயம் மட்டும் பழசு" என்றார் நண்பர். வண்டிக்காரர் சிரிக்கவில்லை.

பருத்தித்துறைக் கரையின் சிறப்பு யாதென்பதை அங்கே போய் நின்றாலன்றி உணர முடியாது. அக்கரை வடக்கு நோக்கியது. நம் நாட்டவருக்குக் கடல் என்றால் காலிமுகத்திடலிற்போல மாலையிற் சூரியன் விழும் கடல். அன்றேல் மட்டக்களப்பிற்போலக் காலையில் எழும் கடல். இங்கோ, கடலை நோக்கி நின்றால் பங்குனி மாதத்து ஞாயிறு வலக்கைப் பக்கம் எழுகின்றது; நின்ற இடத்தைவிட்டு அசையாமல் நின்றீராயின், இடக்கைப் பக்கம் மறையக் காண்பீர். ஒரு பகல் முழுவதையும் ஒரே கரையிற் கழிப்பதற்கு இதனிலும் பொருத்தமான இடம் வேறெது?

எதிரே 40 மைலளவில் இந்தியக் கோடிக்கரை. இடையே கடல். முன்னாளிற் பருத்தி ஏற்றி இறக்கிய துறையாதலாற் பருத்தித்துறை ஆயிற்று என்பர். போர்த்துக்கேயர் கற்பாறை முனை என்று பொருள்படத் தம் மொழியில் இட்ட பெயரே ஆங்கிலேயர் வாயிற் சிதைந்து 'போயின்ற் பெட்றோ' ஆயிற்று என்பதும், பெட்றோ என்றொரு மனிதர் இதில் இல்லை என்பதும் அறிந்தோர் கூற்று. கரையைப் பார்த்தால் போர்த்துக்கேயர் சொன்னதில் தவறில்லை. வெண்மணல் விரிப்பை இங்கே தேடாதீர்கள். முருகைக்கல்லும் பாசியும், அவற்றினிடையே கண்ணாடிபோற் தெளிந்த ஆழமற்ற நீரும், அப்பால் அலையை மறித்து நிற்கும் கற்பாருமே உள. அதனாலேதான் அலையோசையும் தணிந்து, யாரோ அடுத்த அறையில் உறக்கத்தில் மூச்சுவிடுவதுபோலக் கேட்கின்றது.

1916 ஆம் ஆண்டில் எழுந்த வெளிச்ச வீட்டை வேலிக்கு வெளியே நின்றே பார்த்தோம். நூறு அடிக்கு மேல் உயர்ந்த அந்த வெண்கோபுரத்தின் உச்சியில் முதலில் வெயில் பட்டது. பின்னர் மெல்ல இறங்கி, எம் தலையிலும் பட்டது. மேற்கே கரையோர வீதியால் நடந்து, இலங்கையின் வடகோடி எனப்படும் சக்கோட்டை முனைக்கும் போய் வந்தோம். அங்கே ஒரு சுற்றுலாப் பஸ் நின்றது. இறங்கினார்கள், அடையாளக் கல்லருகே நின்று படம் பிடித்தார்கள், ஏறினார்கள், போனார்கள். பத்து நிமிடமும் ஆகவில்லை. நாட்டின் நுனிவரை வந்தவர்கள் கடலில் ஒருமுறையேனும் கால் நனைத்திருக்கலாம்.

மீண்டும் துறைக்கு வந்தபோது, கவிழ்த்துக் கிடந்த ஒரு வள்ளத்தின் நிழலிலே பெரியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருக்கக் கண்டோம். எழுபது வயதுக்குக் குறையாது. கால் விரலில் வலையின் ஒரு கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்து, கையிலுள்ள ஊசியை ஓட்டும் வேகத்தை நண்பர் வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பியவை எவடம்?" என்றார் பெரியவர், தலை நிமிராமலே.

"யாழ்ப்பாணம், ஐயா. ஒரு நாள் அமைதியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம். உங்கள் ஊர் என்ன அமைதி!"

ஊசி நின்றது. "முந்தியெண்டால் இந்த நேரத்திலை இதிலை நிண்டு கதைக்கேலாது, தம்பி. ஏலம் கூறுறவன், ஐஸ் உடைக்கிறவன், லொறிக்காரன் — ஒருத்தன் சொல்லுறது மற்றவனுக்குக் கேளாது. நீங்கள் தேடி வந்த அமைதியை நாங்கள் விரும்பி எடுக்கேல்லை."

நாம் மணலில் அமர்ந்துவிட்டோம். அதன்பின் ஒரு மணி நேரம் பெரியவர் பேச, நாம் கேட்டோம். போர்க்காலத்திற் கடலுக்குப் போக விடாத ஆண்டுகளைப் பற்றிச் சொன்னார். போகவிட்டாலும் இத்தனை மணிக்குப் போய் இத்தனை மணிக்குத் திரும்பு என்று கட்டளையிட்ட ஆண்டுகளைப் பற்றிச் சொன்னார். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்ததைச் சொன்னார். அதனை விரித்துரைக்கவில்லை, கையால் வள்ளத்தின் உயரத்துக்கு மேலே ஒரு கோடு போட்டுக் காட்டினார், அவ்வளவே. 2009 இற் போர் முடிந்தபின் தொழில் தலையெடுக்கும் என்று இருந்தார்களாம். எடுக்கத்தான் செய்தது. ஆனால், எதிர்க்கரையிலிருந்து இழுவைமடிப் படகுகள் வரலாயின.

இழுவைமடி என்பது கடலின் அடியைத் துடைத்து வாருவது. பெருமீனோடு குஞ்சும், குஞ்சோடு பாசியும் கல்லும் வந்துவிடும். சிறு வள்ளக்காரர் இரவில் விரித்துவிட்ட வலையின் மேலால் அப்படகு போனால் வலை எஞ்சாது. எஞ்சியதே பெரியவர் மடியில் இருந்தது. 2017 ஆம் ஆண்டில் இத்தொழிலை முற்றாகத் தடைசெய்து நம் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. சட்டம் கரையில் இருக்கின்றது. வலை கடலில் இருக்கின்றது.

"அவையள் வருவினம் எண்டு தெரிஞ்ச நாளிலை நாங்கள் வலை விடுறேல்லை. வள்ளத்தை இழுத்துப் போட்டிட்டுப் படுத்திடுவம்" என்றார்.

"கோபம் இல்லையா, ஐயா?" என்று நண்பர் கேட்டார்.

"கோபம் இல்லாமலோ? ஆனால் அவையளும் தமிழ்ச் சனந்தானே. கூலிக்கு வாறவை. கடலிலை கண்டால் 'மன்னிச்சுக்கங்க அண்ணே' எண்டுவினம். வலை போனது போனதுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எமக்குத்தான் சிரிக்க வரவில்லை.

பேச்சு பழைய பாய்க்கப்பல்களுக்குத் திரும்பியதும் அவர் முகம் மாறியது. வடமராட்சிக் கரையார் தோணி கட்டி நாகபட்டினத்துக்கும் பர்மாவுக்கும் ஓட்டிய காலம் அது. அயலூரான வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்க, அது நம்மவர் கைகளாலேயே செலுத்தப்பட்டு, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938 ஆம் ஆண்டில் குளொஸ்ரர்த் துறையை அடைந்தது. பெரியவர் அப்போது பிறந்திருக்க மாட்டார். ஆயினும் நேற்று அதனை வழியனுப்பிவிட்டு வந்தவர்போலப் பேசினார்.

உச்சி வெயிலில் ஓடக்கரையிலுள்ள நண்பரின் சின்னம்மா வீட்டுக்குப் போனோம். "கடலைப் பார்க்கவோ வந்தனீங்கள்? என்னைப் பார்க்க வரேல்லையோ?" என்று வாசலிலேயே வழக்குத் தொடுத்தார். வழக்குத் தீர்ந்தது ஒடியற்கூழில். ஒடியல் மா, மீன், இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முருங்கையிலை, புளி, அரைத்த செத்தல் மிளகாய் எல்லாம் ஒரே பானையிற் கலந்து கொதித்து வந்தன. பனையோலைப் பிளாவை இரு கைகளாலும் ஏந்தி உறிஞ்சும்போது ஓலையின் மணமும் உள்ளே சென்றது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, மூன்றாம் பிளாவுக்கும் நண்பர் கை நீட்டினார்.

"நண்டு போடேல்லை, பிள்ளை; குறை நினைக்காதை" என்று சின்னம்மா வருந்தினார். "காலமை சந்தைக்குப் போனனான். நல்ல நண்டெல்லாம் கொழும்புக்குப் போகுது. மிச்சத்துக்கு அவன் சொல்லுற விலை என்ரை வாயாலை சொல்லேலாது." கடலுக்குக் கூப்பிடு தொலைவில் இருப்பவர் கூழுக்கு நண்டில்லாமல் நின்றார். காலையிற் பெரியவர் சொன்னதன் மறுபாதியை இந்த அடுக்களையிற் கேட்டோம்.

உண்ட களை தீரச் சிவன் கோயிலுக்கு அண்மையிலுள்ள தெருமூடி மடத்துக்குப் போனோம். வீதியின் குறுக்கே கற்றூண்கள் நிறுத்திக் கூரையிட்டு, இரு பக்கமும் திண்ணை கட்டி, நடுவே போக்குவரத்துக்கு வழிவிட்டிருக்கிறார்கள். தெருவை மூடிய மடம், பெயரே விளக்கம். வழிப்போக்கன் நிழலுக்காகத் தெருவை விட்டு விலக வேண்டியதில்லை. நிழல் தெருவுக்கே வந்துவிட்டது. இதனைக் கட்டியவர் நிச்சயமாக வெயிலில் நடந்தறிந்தவராய் இருந்திருப்பார். குளிர்ந்த திண்ணையில் நாம் கண்ணயர்ந்தோம். எம் தலைமாட்டால் மோட்டார்ச் சைக்கிள்கள் போயின, ஒன்றும் எழுப்பவில்லை.

வல்லிபுர ஆழ்வார் ஆலயமும் மணற்காட்டு மணற்குன்றுகளும், மணலுள் அமிழ்ந்த பழைய தேவாலயமும் தொலைவில் இல்லை. நண்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; நாம் பார்க்கவில்லை. அவற்றுக்கு வேறொரு நாள் வேண்டும்.

மாலையில் மறுபடி அதே இடம். ஞாயிறு இப்போது இடக்கைப் பக்கம் சாய்ந்திருந்தது. பெரியவர் வலையைப் பொத்தி முடித்து மடித்து வைத்திருந்தார். அவருடைய மகன் போலும் ஓர் இளைஞர், எண்ணெய்க் கலனைத் தோளிற் சுமந்து நீரில் இறங்கினார்.

"இண்டைக்குப் போகலாமோ, அப்பு?" என்று இளைஞர் கேட்டார்.

பெரியவர் மேற்கே பார்த்தார்; காற்றைப் பார்த்தார்; வெகுநேரம் வடக்கே பார்த்தார். "கரையோடை விடு. தூரப் போகாதை" என்றார்.

வலையை இருவருமாய் வள்ளத்தில் ஏற்றினார்கள். பகல் முழுவதும் பொத்திய இடம் எது, பழைய இடம் எது என்று எமக்குத் தெரியவில்லை. இயந்திரம் இருமிக்கொண்டு எழுந்தது. அயலிலும் சில வள்ளங்கள் கிளம்பின. நண்பர் விரல்விட்டு எண்ணினார்: ஒன்பது. கரையிற் கிடந்தவற்றை எண்ணத் தொடங்கி, முப்பதில் நிறுத்திவிட்டார். ஒலி தேய்ந்து, கடல் மீண்டும் மூச்சுவிடும் ஓசைக்கு வந்தபோது, பெரியவர் இன்னும் கரையிலேயே நின்றார்.

சின்னம்மா கட்டித்தந்த பொதியோடு பஸ் நிலையத்துக்கு நடந்தோம். பருத்தித்துறை வடை என்பது நீங்கள் நினைக்கும் வடையன்று. உழுந்தும் கோதுமை மாவும் பெருஞ்சீரகமும் மிளகாயும் சேர்த்துத் தட்டி, மொறுமொறுவெனப் பொரித்த தட்டை வடை. வாரக்கணக்கில் இருக்கும், கனடாவுக்கும் இலண்டனுக்கும் பயணம் போகும். எம்முடைய பொதி நெல்லியடி தாண்டுமுன்னரே பாதியாயிற்று.

வல்லை வெளியில் இருள் முழுமையாக இறங்கியிருந்தது. நண்பர் யன்னலால் தலையை நீட்டி, வள்ளங்களின் விளக்குகள் தெரிகின்றனவோ என்று வடக்கே எட்டிப் பார்த்தார். பனைகளே தெரிந்தன.